மருத்துவ மாணவர்களுக்கான இணையவழிச் சுகாதாரப் பொருளியல் பாடம்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

எம்.பி.பி.எஸ். படிக்கும் மாணவர் ஒரு மருந்தின் அளவையும் பக்கவிளைவையும் எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். அதே மருந்தின் விலை என்ன, அதைவிட மலிவான மருந்து அதே பலனைத் தருமா, அந்தப் பணத்தைக் கொண்டு வேறு எத்தனை பேருக்குச் சிகிச்சை அளித்திருக்கலாம் என்ற கேள்விகள் அவரிடம் தேர்வில் கேட்கப்படுவதே இல்லை. சமுதாய மருத்துவத் துறையில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திவரும் எனக்கு இந்த இடைவெளி நெடுநாள் உறுத்தலாக இருந்தது. சுகாதார மேலாண்மை என்ற தலைப்பின் கீழ் சில மணி நேரங்களே எங்களுக்குக் கிடைக்கின்றன. அதற்குள் ஒரு சிகிச்சைக்கு ஆகும் செலவையும் அதனால் கிடைக்கும் பலனையும் ஒப்பிடும் செலவு-விளைவு ஆய்வு என்பதற்கு வரையறை சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஆகவே சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்காக ஓர் இணையவழிச் சுகாதாரப் பொருளியல் பாடத்துக்குச் சந்தா செலுத்தியபோது, மாணவர்களோடு சேர்ந்து நானும் ஒரு பயனராகப் பதிவு செய்துகொண்டு, எட்டு அலகுகளையும் ஒன்றுவிடாமல் முடித்தேன். பாடத்தை விற்கும் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எந்த நிறுவனத்திடம் வாங்குவதாக இருந்தாலும் ஒரு துறைத் தலைவர் கேட்க வேண்டிய கேள்விகள் ஏறத்தாழ இவையாகத்தான் இருக்கும் என்பதால், பெயரைவிட உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசுவது பயனுள்ளது என்று கருதுகிறேன்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் அலகிலும் பத்துப் பன்னிரண்டு நிமிடக் காணொளிகள் நான்கைந்தும், ஒரு சிறு வினாத்தாளும், கைப்பட நாமே செய்து பார்க்கும் ஒரு பயிற்சியும் உள்ளன. செயலி கைபேசியில் தடையின்றி ஓடுகிறது. காணொளிகளைக் குறைந்த தரத்தில் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது, விடுதியின் வைஃபை எப்படி இருக்கும் என்று அறிந்தவர்களுக்குப் பெரிய வசதி. யார் எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று ஆசிரியருக்குக் காட்டும் பக்கமும் இருக்கிறது. முதல் மாதத்துக்குப் பிறகு நான் அதைத் திறக்கவில்லை, ஏனென்றால் காணொளி ஓடி முடிந்ததற்கும் பாடம் மனத்தில் நின்றதற்கும் தொடர்பில்லை என்பது வகுப்பில் இரண்டு கேள்வி கேட்ட உடனே தெரிந்துவிட்டது.

இந்தப் பாடத்தின் உயிர் மூன்றாம் அலகில் இருக்கிறது. ஒரு நோயாளியின் வாழ்வின் தரத்தை எப்படி எண்ணாக மாற்றுகிறார்கள் என்பதை அந்த அலகு விளக்குகிறது. உலகெங்கும் இதற்குப் பயன்படும் ஈக்யூ-5டி என்ற வினாப்படிவம் நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுதல், அன்றாட வேலைகள், வலி அல்லது உபாதை, கவலை அல்லது மனச்சோர்வு என்ற ஐந்தைப் பற்றிக் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகள் வைத்தால் மொத்தம் 3,125 உடல்நிலைகள் கிடைக்கின்றன. இதைக் கரும்பலகையில் எழுதிக்காட்டினால் மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு மறந்துவிடுவார்கள். இங்கே அப்படி விடவில்லை. திரையில் ஒரு நிலை விவரிக்கப்படுகிறது: முழங்காலுக்குக் கீழே ஒரு கால் அகற்றப்பட்ட நிலையில் நீங்கள் இன்னும் 10 ஆண்டுகள் வாழ்வீர்கள். அதற்குப் பதிலாக முழு உடல்நலத்தோடு குறைவான ஆண்டுகள் வாழலாம் என்றால், எத்தனை ஆண்டுகள் கிடைத்தால் இரண்டும் உங்களுக்குச் சமம்? கீழே ஒரு கோடு, அதன்மேல் விரலால் நகர்த்தும் ஒரு புள்ளி. ஆறில் நிறுத்தினால் அந்த நிலைக்கு நீங்கள் கொடுத்த மதிப்பு 0.6. அப்படி 10 ஆண்டுகள் வாழ்வது முழு உடல்நலத்தோடு ஆறு ஆண்டுகள் வாழ்வதற்குச் சமம். இப்படித் தரத்தைக் கொண்டு எடைபோட்ட ஆண்டைத்தான் துறையில் குவாலி (QALY) என்கிறார்கள்.

வகுப்பு முழுவதும் விரலை நகர்த்தி முடித்ததும் அனைவருடைய விடைகளும் ஒரே வரைபடமாகத் திரையில் வந்தன. பெரும்பாலானோர் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் நின்றிருந்தார்கள். ஒரே ஒரு புள்ளி ஒன்பதில் தனியாக நின்றது. அது யாருடையது என்று நான் கேட்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவர் தானே எழுந்தார். “எங்கப்பாவுக்குச் சுகர்ல காலை எடுத்து நாலு வருஷம் ஆச்சு மேடம். இப்பவும் காலையில அவர்தான் கடையைத் திறக்கிறார்” என்றார். வகுப்பு அமைதியானது. ஒரு குறைபாட்டை வெளியிலிருந்து பார்ப்பவர் அதற்குக் கொடுக்கும் மதிப்பும், அதோடு வாழ்பவர் கொடுக்கும் மதிப்பும் வேறுபடுகின்றன என்பதும், ஆகவே யாரைக் கேட்டு இந்த எண்ணைப் பெறுகிறோம் என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதும் ஆய்வுகளில் பலமுறை பேசப்பட்டவை. ஒரு மணி நேரம் விரிவுரை ஆற்றியிருந்தாலும் நான் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. இந்தப் பயிற்சிக்காக மட்டும்கூட இப்பாடத்தை வாங்கலாம் என்பது என் துணிபு.

நான்காம் அலகும் நன்று. மாணவர்கள் தவறாமல் இடறும் ஓர் இடத்தை அது பொறுமையாகக் கையாள்கிறது. பழைய சிகிச்சைக்கு 20,000 ரூபாய் செலவு, அதில் 2 குவாலி கிடைக்கிறது. புதியதற்கு 80,000 ரூபாய், 2.5 குவாலி என்று வைத்துக்கொள்வோம். எண்பதாயிரத்தை இரண்டரையால் வகுத்து, ஒரு குவாலிக்கு 32,000 ரூபாய்தானே ஆகிறது, பரவாயில்லையே என்று வகுப்பில் பாதிப்பேர் சொல்லிவிடுவார்கள். உண்மையில் கேட்க வேண்டியது, பழையதை விட்டுப் புதியதற்கு மாறும்போது கூடுதலாகப் போகும் 60,000 ரூபாய்க்குக் கூடுதலாகக் கிடைப்பது என்ன என்பது. கிடைப்பது அரை குவாலி மட்டுமே. அப்படியானால் ஒரு குவாலிக்கு 1,20,000 ரூபாய். பாடம் இந்த இரு விடைகளையும் அடுத்தடுத்து நிறுத்தி, மாணவர் முதலில் தவறாக விடையளித்தால் அதை அழித்துவிடாமல் வைத்திருந்து, சரியான விடையின் பக்கத்திலேயே காட்டுகிறது. தன் தவறு கண்ணெதிரே இருக்கும்போது மாணவர் அதிலிருந்து கற்கிறார்.

இதற்கு மேல் குறைகள் தொடங்குகின்றன. அவற்றுள் முதலாவதும் பெரியதும் செலவுகள் எல்லாம் வேறு நாட்டின் செலவுகளாக இருப்பது. காணொளிகளில் பேசப்படுவது, எந்தச் சிகிச்சைக்கு அரசுப் பணத்தைச் செலவிடலாம் என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு நெடுங்காலம் கடைப்பிடித்துவந்த, ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு என்ற எல்லை. அது அறியத்தக்க செய்திதான்; 1999-இல் தோன்றிய அந்த அமைப்பிடமிருந்து உலகம் கற்றது நிறைய. ஆனால் இந்திய மாணவருக்கான பாடம் என்று விற்கப்படும் ஒன்றில், மைய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 2017-இல் தொடங்கப்பட்ட எச்.டி.ஏ.இன் என்ற மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பைப் பற்றி ஒரே ஒரு வரி மட்டும் வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே ஒரு குவாலிக்கான செலவை நாட்டின் தனிநபர் உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம் என்பதோ, கண்புரை அறுவைக்கு எந்த வகை உள்விழி வில்லை ஏற்றது என்பதே அந்த அமைப்பு தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட ஆய்வுகளுள் ஒன்று என்பதோ பாடத்தில் இல்லை. 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையையும், இறக்குமதி வில்லையின் விலை ஏழைக்கு எட்டாது என்பதால் 1992-இல் அவர்களே வில்லை தயாரிக்கத் தொடங்கியதையும் அறிந்து வளர்ந்த மாணவர்களுக்கு, இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்?

தகவல் ஏற்றத்தாழ்வு, அதாவது விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத நிலை, பற்றிய அலகும் அப்படித்தான். 1963-இல் பொருளியலாளர் கென்னத் ஆரோ எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கி, மருத்துவச் சந்தை ஏன் காய்கறிச் சந்தையைப் போல நடப்பதில்லை என்று தெளிவாக விளக்குகிறார்கள். பிறகு எடுத்துக்காட்டுக்குப் பழைய கார் விற்பனைக்குப் போய்விடுகிறார்கள். இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் அரசு உச்சவரம்பு விலை விதித்து, மருந்து பூசிய ஸ்டென்டின் விலையை 29,600 ரூபாய்க்கு இறக்கிய நிகழ்வு நம் கண்முன் நடந்தது. ஸ்டென்ட் வைக்கும் கேத் லேபில் மேசைமேல் படுத்திருப்பவர் இரண்டு நிறுவனங்களின் ஸ்டென்டுகளை விலை விசாரித்து வாங்க முடியாது. தேர்ந்தெடுப்பவர் மருத்துவர், பணம் கொடுப்பவர் நோயாளி. இதைச் சொன்னபோது மாணவர்களுக்கு ஆரோவின் கருத்து ஒரு நிமிடத்தில் விளங்கியது.

ஆகவே ஐந்தாம் அலகின் செலவுக் கணக்குப் பயிற்சியைப் பாடத்தில் உள்ளபடி செய்ய விடாமல், மாணவர்களை வார்டுக்கு அனுப்பினேன். அந்த அலகில் தரப்பட்டுள்ள படிவத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, இருவர் இருவராக ஒரு நோயாளியிடம் பேசி, மருத்துவமனைக்கு வெளியே ஆகும் செலவைக் கணக்கிட வேண்டும். டயாலிசிஸ் பிரிவுக்குச் சென்ற குழுவோடு நானும் போயிருந்தேன். சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் கட்டணமின்றி நடக்கிறது. ஆகவே செலவு என்று எழுத ஒன்றும் இராது என்ற எண்ணத்தோடு மாணவர் நோயாளியான கணவருக்கும் உடன் வந்த மனைவிக்குமாக இரண்டு பேருந்துக் கட்டணம் குறித்தார். அந்த அம்மாள் திருத்தினார்: “எனக்கு டிக்கெட் கிடையாது தம்பி, டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்கு ஃப்ரீதானே. ஆனா இவருக்கு மெஷின்ல முடியுறப்ப அந்த பஸ் போயிருது. திரும்பிப் போறதுக்கு ஆட்டோதான்.” மாணவர் ஒரு வரியை அழித்து இன்னொரு வரி எழுதினார்.

அடுத்த கேள்வி, உடன் வருபவரின் தொழில். படிவத்தில் இருந்த தெரிவுகளுள் மாணவர் “இல்லத்தரசி” என்பதைத் தொட்டார். வருமான இழப்பு என்ற கட்டத்தில் செயலி தானாகவே பூச்சியம் போட்டுக்கொண்டது. “வீட்டுல சும்மா இருக்கேன்னா எழுதுறீங்க? பீடி சுத்துறேன் தம்பி. ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கூலி. வாரத்துல ரெண்டு நாள் இங்க உட்கார்ந்துட்டா அந்த ரெண்டு நாள் கூலி போச்சு. தட்டைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா?” என்றார் அவர். அந்தப் பூச்சியம் எத்தனை ஆயிரம் கணக்குகளில் இப்படித் தானாக விழுந்துகொண்டிருக்கும் என்று அன்று மாலை வகுப்பில் பேசினோம். இலவச சிகிச்சையும் ஒரு குடும்பத்தை ஏன் கடனில் தள்ளக்கூடும் என்ற கேள்விக்கு மாணவர்கள் தாங்களே எழுதிய விடைகளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். படிவம் பாடத்தினுடையது என்பதால் இதில் பாடத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அந்தத் தெரிவுகளை வடிவமைத்தவர் ஒரு பீடித் தொழிலாளியையோ, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணையோ மனத்தில் வைத்திருக்கவில்லை. நிறுவனத்துக்கு எழுதினேன்; “பிற” என்ற தெரிவு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அது போதாது.

ஆறாம் அலகின் முடிவு மரப் (decision tree) பயிற்சி, கருத்தளவில் இப்பாடத்தின் மிகச் சிறந்த பகுதியாக இருந்திருக்க வேண்டும். கிளை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நிகழ்தகவையும் செலவையும் நாமே இட்டு, ஓர் எண்ணை மாற்றும்போது இறுதி விடை எப்படி மாறுகிறது என்று பார்க்கும் கருவி அது. துரதிருஷ்டவசமாக அது கைபேசித் திரையில் சரியாகத் திறப்பதில்லை. வலப்பக்கக் கிளைகள் வெட்டுப்பட்டுப் போகின்றன. எங்கள் மாணவர்களில் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் சிலரே. வேறு வழியின்றி அதே மரத்தை ஒரு சாதாரண விரிதாளில் நான் செய்து கொடுத்தேன்.

விரிதாளுக்கு எந்த எடுத்துக்காட்டை எடுப்பது என்று யோசித்தபோது சென்னையின் காசநோய் ஆய்வு நினைவுக்கு வந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், அதுதான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 193 நோயாளிகளைக் கொண்டு ஒரு கேள்விக்கு விடை தேடியது: நுரையீரல் காசநோயாளியைச் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் தங்கவைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலிருந்தபடியே மாத்திரை கொடுத்தால் போதாதா? இரு பிரிவினருக்கும் ஓராண்டு அதே மருந்துகள் தரப்பட்டன. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் காற்றோட்டமும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில் அரைகுறை உணவோடு இருந்தார்கள். 1959-இல் முடிவுகள் வெளியானபோது, வீட்டுச் சிகிச்சையின் பலன் சானடோரியத்தின் பலனுக்கு ஏறத்தாழ நிகராக இருந்தது. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு நோய் தொற்றும் அபாயமும் அதனால் கூடவில்லை. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை படுக்கையை விட்டு வீட்டுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. மாணவர்கள் இதை நுண்ணுயிரியலிலும் மருத்துவத்திலும் படித்திருக்கிறார்கள். விரிதாளில் பலன் என்ற கட்டத்தில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே எண்ணையும், செலவு என்ற கட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் படுக்கை, உணவு, செவிலியர் என்று வரிசையாகவும் இட்டுப் பார்த்தபோதுதான், தாங்கள் படித்தது ஒரு பொருளியல் ஆய்வும்கூட என்று அவர்களுக்குத் தெரிந்தது.

பிழைகளையும் சொல்லியாக வேண்டும். பின்னாளில் ஏற்படும் செலவை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் பயிற்சியில், ஐந்து ஆண்டுகள் கழித்து வரும் ஒரு லட்சம் ரூபாயின் இன்றைய மதிப்பு, ஆண்டுக்கு 3 சதவீத வீதத்தில் என்ன என்று ஒரு வினா. சரியான விடை ஏறத்தாழ 86,261 ரூபாய். பாடத்தின் விடைத்தாளோ 85,000 என்றது. ஐந்தை மூன்றால் பெருக்கிப் பதினைந்து சதவீதத்தைக் கழித்துவிட்டார்கள். சரியாகக் கணக்கிட்ட மாணவர்களுக்கு மதிப்பெண் போயிற்று. சுட்டிக்காட்டி எழுதிய பிறகு திருத்துவதற்குப் பல வாரங்கள் ஆயின; அதற்குள் அந்த மாணவர் தொகுதியே அலகைக் கடந்துவிட்டது. மக்கள் தம் கைப்பணத்திலிருந்து செய்யும் மருத்துவச் செலவு மொத்தச் செலவில் அறுபது சதவீதத்துக்கு மேல் என்றும் ஒரு காணொளி சொல்கிறது. தேசியச் சுகாதாரக் கணக்குகளின்படி 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்தது 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்துள்ளது. இந்த இறக்கம் எந்த அளவுக்கு உண்மையான இறக்கம் என்பது பற்றிப் பொருளியலாளர்களிடையே விவாதம் உண்டு. அந்த விவாதத்தையே ஒரு நல்ல பாடமாக்கியிருக்கலாம். பழைய எண்ணைச் சொல்லிவிட்டு நகர்வது முறையன்று.

மொழியைப் பற்றி எனக்குக் கூடுதல் கவலை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்த பிறகு, தமிழ்வழியில் படித்த மாணவர்கள் எங்கள் வகுப்பறைகளுக்குக் கூடுதலாக வருகிறார்கள். கணக்கில் அவர்கள் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். வேகமான ஆங்கிலத்தில் வரும் பொருளியல் சொற்கள்தான் தடுக்கின்றன. காணொளிகளின் அடியில் ஓடும் வரிகள் தானியங்கியால் எழுதப்பட்டவை. குவாலி என்று பேசப்படும் இடங்களில் பாதி இடங்களில் குவாலிட்டி என்று வருகிறது. அதை நம்பிப் படிப்பவருக்கு வாக்கியமே தலைகீழாகிவிடும். ஒவ்வோர் அலகுக்கும் பதினைந்து நிமிடத் தமிழ் ஒலிப்பதிவு ஒன்றை நானே பேசி, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒன்றுக்குச் செலவிட்ட பணத்தால் வேறு எதை இழக்கிறோம் என்பதைக் குறிக்கும் வாய்ப்புச் செலவு என்பதை விளக்க, நம் அரசு மருத்துவமனை மாத்திரை அட்டையில் “விற்பனைக்கு அல்ல” என்று அச்சிட்டிருப்பதிலிருந்து தொடங்கினேன். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்ததால் மிச்சமான ஒவ்வொரு ரூபாயும் வேறு எந்த நோயாளிக்குப் போயிற்று என்ற கேள்வியோடு அந்தப் பதிவு முடியும். நன்றாகப் படிக்கும் ஆங்கிலவழி மாணவர்களும் அதைத்தான் தேர்வுக்கு முந்தைய இரவில் கேட்டார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

ஒரு மாணவி பாடத்தின் கலந்துரையாடல் பகுதியில், “நம்மை நம்பி வந்த நோயாளிக்கு முன்னால் மருத்துவர் பணக் கணக்குப் பார்க்கலாமா?” என்று கேட்டிருந்தார். அவருக்குக் கிடைத்தது இரண்டு வரியில் ஒரு தானியங்கி நன்றி. இத்துறையில் கேட்கத்தக்க முதற்கேள்வி அதுதான். படுக்கையருகே இருக்கும் மருத்துவர் அந்த ஒரு நோயாளிக்குச் சிறந்ததைச் செய்யக் கடமைப்பட்டவர்; எந்த மருந்தைப் பட்டியலில் சேர்ப்பது, எந்தப் பரிசோதனையை எல்லோருக்கும் எடுப்பது என்று விதி வகுக்கும் இடத்தில் அதே மருத்துவர் நாளை உட்காரும்போது, வராத நோயாளிகளையும் சேர்த்து எண்ணக் கடமைப்பட்டவராகிறார். இந்த இரண்டு நாற்காலிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பேச ஆசிரியர் வேண்டும், நேரமும் வேண்டும். அந்த மாணவியின் கேள்விக்கே ஒரு முழு வகுப்பை ஒதுக்கினேன். அன்று திரையைத் திறக்கவில்லை.

சந்தாத் தொகையைப் பொறுத்தவரை, கல்லூரி மொத்தமாகச் செலுத்தினால் ஒரு மாணவருக்கு ஆகும் செலவு நியாயமானதே. மாணவர் தனியாகத் தம் பணத்தில் வாங்கும் அளவுக்கு இது இன்னும் தகுதி பெறவில்லை. உடன் நின்று நடத்த ஆசிரியர் இருக்கும் துறைக்கு நான் பரிந்துரைப்பேன். ஆசிரியர் இல்லாத குறையை நிரப்பலாம் என்று எண்ணி வாங்கும் துறைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த தொகுதிக்கு மூன்றாம், நான்காம் அலகுகளை முழுமையாகவும், ஐந்தாம் அலகின் படிவத்தைத் தெரிவுகளைத் திருத்திய எங்கள் பிரதியாகவும், ஆறாம் அலகுக்குப் பதில் எங்கள் விரிதாளையும் பயன்படுத்தப்போகிறோம். முடிவு மரக் கருவி கைபேசியில் திறக்கும்படி மாற்றப்பட்டு, இந்தியச் செலவுகளோடு ஓர் அலகாவது சேர்க்கப்பட்டால்தான் சந்தாவை மூன்றாம் ஆண்டுக்கு நீட்டிப்பது என்று துறைக் கூட்டத்தில் முடிவெடுத்து, நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்திருக்கிறோம்.